மாப்பிள்ளை பேருக்குக் கீழே

எண்பதுகளின் கடைசி. ஆவடியிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அப்பாவும் கல்யாணப் பெண்ணும். பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறார்கள். ஃபாக்டரிக் காக்கியில் இருந்த அப்பா திடீரென்று கேட்டார்:

“மாப்ள பேருக்குக் கீழ இன்னாம்மா போடறது? சிப்பாய்?”

“வெள்ளக்காரன் காலத்து ஆளு மாதிரி கீது நைனா.”

“அவனுக்கும் முன்னயே கீதாம். பாரசீக வார்த்தைன்னு ஃபாக்டரில சர்தார்ஜி சொன்னாரு. ஜவான்னு போட்டா?”

“அப்டின்னா?”

“இந்தில வாலிபன்.”

“முப்பத்தாறு வயசு நைனா. சிரிப்பாங்க.”

“சோல்ஜர்? அது சம்பளக் காசுலர்ந்து வந்த பேராம்.”

“அப்ப மாசக் கடைசில அவர இன்னான்னு கூப்டறது?”

“சரி, ராணுவ வீரர்னே போட்டுர்றேன். கம்பீரமா கீது.”

“அவரு மிலிட்டரில சமையல் நைனா.”

“மெதுவா பேசும்மா!” அப்பா பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார்.

அவள் குரலைக் குறைக்கவே இல்லை. “சமையல்காரர்னே போடு. பொண்ணு பாக்க வந்தப்பவே, எனக்கு சோறு வடிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். ‘எரநூறு பேருக்கு வடிக்கிறேன், உனக்கு ஒருத்திக்கு வடிக்க மாட்டேனா’ன்னாரு.”