மூன்று பேரின் தலையிடி

— ஆளுக்கு ரெண்டு பனடோல் குளிசைதான் பூரணியக்கா. கூடக் குடுத்தனுப்பினா, இயக்கத்துக்குப் போற மருந்தெண்டு கிளிவெட்டி வழியில ஆமிக்காரன் பறிப்பான், பொறகு இந்த மூதூர் கிளினிக்குக்கு வந்து என்னைத்தான் புடிப்பான்.

— கோவியாதீங்கோ றம்ஸியா மிஸி. வீட்டில மூண்டு பேருக்குத் தலையிடி. அப்ப ஆறு தரலாம்தானே?

— எல்லாத் தலையிடியும் ஒண்டில்ல அக்கா. ஒவ்வொராளாச் சொல்லுங்க. முதல்ல ஆரு?

— மாமி.

— நெத்தியச் சுத்தித் துணியால இறுக்கிக் கட்டின மாதிரியா? கழுத்தும் புடிக்குமே? செல்லடிக்குப் பயந்து நித்திரை கொள்ளாத ஆக்களுக்கெல்லாம் இப்ப அதுதான். கழுத்துக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துப் படுக்க வைங்க. குளிசையே தேவப்படாது.

— அப்பிடியில்லை மிஸி. விடிய எழும்பினவுடனதான் கூட. சத்தியும் எடுக்கிறா.

— ம்ம், வாந்தியும். ஒங்கட மாப்புளைக்கு?

— என்ர மனுசனுக்கும் இடிதான்.

— வயல் வெயில்ல நிண்டு வந்ததா? எண்டா உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி நிறையக் குடுங்க. இல்லாட்டி, ஒரு பக்கம் மட்டும் விண் விண்ணெண்டு தெறிச்சு வெளிச்சம் கூசுதா? அப்ப இருட்டறையில படுக்க விடணும்.

— பக்கம் எண்டில்லை. அவருக்கும்... விடியத்தான். சத்தி.

— மூணாவது ஆரு?

— மகன். அவனுக்குக் கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். நாளுக்கு நாள் கூடுது மிஸி. பகலிலயும் நித்திரையாக் கிடக்கிறான், எழுப்ப ஏலாமக் கிடக்கு.

— என்னைப் பாருங்க அக்கா. மாமிக்கும் இல்ல, மாப்புளைக்கும் இல்ல. அப்படித்தானே?

— ஓம். பொய்தான். வெக்கமாக் கிடக்கு மிஸி. ஆறு குளிசையும் அவனுக்குத்தான்.

— அல்லாஹ்வே, குளிசையை விடுங்க! இது பனடோலுக்கு அடங்கிற இடி இல்ல. மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் இப்படி வரும். எங்கயும் விழுந்தவனா?

— ஓம்... மாமரத்தால விழுந்தவன்.

— கை கால் உரஞ்சியிருக்கா?

— இல்லை. பின்மண்டையில மட்டும்தான் காயம்.

— மரத்தால விழுந்தவனுக்கு அப்படி வராது அக்கா. இண்டைக்கே அவன லோஞ்சுப் படகில ஏத்தித் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நான் துண்டு எழுதித் தாறன். ஆனா ஜெற்றியில ஆமி கேப்பான். மழுப்பினா, சண்டையில பட்ட காயமெண்டு சொல்லி வழியிலேயே புள்ளையைப் புடிச்சு வெச்சிருவான். உண்மையைச் சொல்லுங்க, ஆரு அடிச்சது?

— இயக்கத்துக்குப் போறனெண்டு படலையைத் திறந்துபோட்டான் மிஸி. உயிரோட இருக்கட்டுமெண்டு விறகுக்கட்டையால அடிச்சது, பெத்த நான்தான்.