சுடாத துவக்கு

என் வீட்டுக்கு வந்த யாரும் வெறும் வயிற்றோடு திரும்பிப் போனதில்லை. நோர்வேயில் நான் இருக்கிற பியோர்ண்டாலில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார்கள், எமிலியா அக்காவின் கணவாய்க் கறிக்காகவே பூசை முடிந்து ஆட்கள் பஸ் மாறி வருவார்கள் என்று. பரிமாறிவிட்டு நான் எதிரே உட்காருவேன். முகத்தைப் பார்க்கிறேன் என்று நினைப்பார்கள். நான் கையைத்தான் பார்ப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஊரில் என் தம்பி யூலியனை எங்கள் முற்றத்தில் வைத்துச் சுட்டவன் முகத்தைத் துணியால் கட்டியிருந்தான். எந்தக் கூட்டத்து ஆள் என்று இன்றுவரை தெரியாது. நான் கதவு இடுக்கால் பார்த்தேன். அது பழைய பட்டாளத்துத் துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் பக்கத்திலுள்ள இரும்புப் பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். பிடி இருப்பது வலப்பக்கம். அவனோ இடக்கையைத் துவக்குக்கு மேலாக வளைத்துக் கொண்டுபோய் இழுத்தான். முதல் வெடியில் யூலியன் முழங்காலில் விழுந்தான். இரண்டாவதற்குச் சுட்டவன் அவசரப்படவேயில்லை.

இடக்கைக்காரனைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். எங்கள் ஆட்களிடம் அது நடக்காது. சோற்றில் இடக்கை வைத்த பிள்ளையை எந்தத் தாய் சும்மா விட்டாள்? அகப்பைக் காம்பால் அடித்து அடித்து, உண்ணவும் எழுதவும் வலக்கைக்கு மாற்றிவிடுவார்கள். என் மேசையில் இத்தனை வருடங்களாகச் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இடக்கையால் சோற்றைத் தொடவில்லை. பிறகுதான் எனக்கு விளங்கியது. துவக்கைப் பிடிக்க எந்தத் தாயும் அடித்துப் பழக்குவதில்லை.

ஆகவே ஒரு துவக்கு வாங்கினேன். ஒஸ்லோவில், பழைய சீருடைகளும் பதக்கங்களும் விற்கிற ஒரு கடையில். இந்தக் காலத்தில் செய்த நகல்தான், சுடாது. ஆனால் மரமும் இரும்பும் அசலின் எடை, பிடியும் இழுபடும். கோயில் நாடகத்துக்கு என்று சொன்னேன். கடைக்காரர் நல்ல மனிதர். ரயிலில் ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று ஒரு போர்வையில் சுற்றித் தந்தார்.

அதன்பிறகு வந்த ஆண்களிடம் சாப்பாடு முடிந்ததும் அதைக் கொடுத்தேன். குகநேசன் வாங்கிச் சுழற்றிப் பார்த்தான்.

"ஆரைச் சுடப் போறியள் அக்கா?"

"உன்னைத்தான். போன கிழமை கறி உப்பெண்டு சொன்னனீ எல்லே."

எல்லோரும் சிரித்தார்கள். வலக்கையால் இழுத்தார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பிலேந்திரன் வந்தது குசினிக் குழாய் திருத்த. ஞாயிறு தோறும் என்னைக் காரில் பூசைக்கு ஏற்றி இறக்குகிறவர். மனைவி அருள்ராணி வேலைக்குப் போயிருந்ததால் தனியாகத்தான் வந்தார். சாப்பிட்டார், வலக்கையால். துவக்கைக் கொடுத்தேன். இடது தோளில் வைத்தார். இடக்கை மேலால் வளைந்து போய்ப் பிடியை இழுத்தது.

"என்ன தம்பி, கை மாறிப் போகுது?"

"பிறவியிலை இடக்கையன் அக்கா. அம்மா அடிச்சுத் திருத்தினவ. துவக்குக்கு மட்டும் கை திருந்தேல்லை."

"துவக்கை எங்கை பழகினனீர்?"

"இஞ்சைதான். வேலையிடத்து நோர்வேக்காரரோடை எல்க் மான் வேட்டைக்குப் போறனான். அடுத்தமுறை உங்களுக்கும் இறைச்சி கொண்டாறன்."

நல்ல பதில். நெடுநாள் யோசித்து வைத்திருந்த பதில்.

குழாய் இன்னும் சொட்டுகிறது என்றேன். துவக்கை வைத்துவிட்டுக் குனிந்தார். நான் அதைக் குழல் பக்கம் பிடித்து, தோளில் வைக்கிற மரப்பிடங்கை அவர் காதுக்கு மேலே இறக்கினேன். "அக்கா" என்றார். கோபமாக அல்ல, மேலிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிவிப்பதுபோல. இரண்டாவது அடிக்கு எலும்பு இடம் கொடுத்தது. பிறகு அந்த இடக்கையை நிலத்தில் விரித்து வைத்து, விரல்கள் விரல்களாக இல்லாமல் போகும்வரை அடித்தேன். அப்போதும் அவருக்கு மூச்சு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மூச்சு நிற்கும்வரை பக்கத்தில் இருந்து செபம் சொன்னேன். யாரும் தனியாகச் சாகக் கூடாது.

விசாரிக்கும் பொலிஸ் பெண் பொறுமையானவள். யூலியன் சாவதற்கு முன்பே பிலேந்திரன் இங்கே வந்து ஒரு விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார் என்று காகிதங்களைக் காட்டினாள். அது எனக்கும் தெரியும். அந்தப் பள்ளிப் படத்தை, கீழே வருடத்தோடு, அருள்ராணி வீட்டுச் சுவரில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் மனிதர் எதையும் எழுதலாம் என்றேன்.

மொழிபெயர்க்க வந்த பிள்ளையின் பெயர் யாழ். இங்கேயே பிறந்தவள். அடித்த இடம் வந்தபோது அவள் பாதி வசனத்தில் தண்ணீர்ப் போத்தலைத் தேடினாள்.

"தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்கோ, பிள்ளை. நான் ஒரு இடமும் போகேல்லை" என்றேன்.

பாவம், ஒரு சொல்லும் தவறாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பேனை இடக்கையில் இருந்தது. இந்த நாட்டில் பிள்ளைகளை அடிப்பதில்லை. கை வந்தபடியே வளர்ந்துவிடும்.

"இந்தக் கை ஆரின்ரை பக்கத்தாலை வந்தது, பிள்ளை?"

"அப்பாவின்ரை" என்றாள். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பிலேந்திரன் விஷயத்தில் எனக்குப் பிழை நேர்ந்திருக்கலாம் என்று பொலிஸ் பெண்ணிடம் சொன்னேன். பிழையை ஒப்புக்கொள்ள நான் வெட்கப்படுகிறவள் அல்ல. யாழின் அப்பா எந்த வருடம் ஊரைவிட்டு வந்தவர் என்று மட்டும் விசாரித்துச் சொல்லும்படி கேட்டேன்.

அதை மொழிபெயர்க்க அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.