ஒட்டாத இரண்டு ஷாட்

— ஏங்க, இந்த ரெண்டு ஷாட்டும் ஒட்டவே மாட்டேங்குது. காலையிலேர்ந்து வெட்டி வெட்டிப் பாக்குறேன்.

— எது?

— ஹீரோ நகலெடுக்குற இயந்திரத்துக்குள்ள போறார்ல, அது ஒண்ணு. அடுத்தது, அவரோட நகல் வீட்டு வாசல்ல நின்னு பொண்டாட்டிகிட்ட “நான்தான்”னு சொல்லுதே, அது.

— அதே ஆளு, அதே சட்டை. இதுல ஒட்டாம என்ன? நீ எடிட்டர்தானே?

— எடிட்டர்தான். மந்திரவாதி இல்ல.

— விளையாடாத. சாயங்காலம் தயாரிப்பாளர் வர்றார். கடைசிக் காட்சி சரியில்லன்னா படத்த மூட்ட கட்டிடுவேன்னுட்டார்.

— அவர் சொல்றது நியாயம். “நான் யார்? என் ஞாபகமா, என் உடம்பா?” வாசல்ல நின்னு மூணு தடவ கேக்குறான். பக்கத்து வீட்டுக்காரன் குடிச்சிட்டு வந்திருக்கான்னு நினைப்பான்.

— அது இருப்பு பத்தின கேள்வி! உனக்கு அதெல்லாம்...

— புரியாதா? அதே முகம், அதே குரல், அதே ஞாபகம். அப்புறம் அவளுக்கு என்னங்க சந்தேகம்? உள்ள வான்னு கூப்பிட வேண்டியதுதானே?

— அறிவியல் படம்னா...

— நீல லைட்டு போட்டா அறிவியல், மெதுவா பேசினா தத்துவம். சரி, இங்க உக்காருங்க. அவன் கண்ண மட்டும் பாருங்க.

— பாத்தேன். கண்ணு. அதுக்கென்ன?

— மனுஷன் சும்மா இமைக்கிறதில்ல. ஒரு யோசன முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடத்துல இமைப்பான். நான் கத்திரி வைக்கிறதே அங்கதான். படம் முழுக்க ஹீரோ பேசுறதுக்கு முன்னாடி இமைக்கிறார். வாசல்ல நிக்கிறவன் பேசி முடிச்சிட்டு இமைக்கிறான். அதுவும் ரெண்டு தடவ.

— களைப்பா இருந்திருப்பார்.

— எல்லா டேக்லயுமா?

— கிராஃபிக்ஸ்ல சரி பண்ணிடலாம்.

— கிராஃபிக்ஸ்ல முகத்த ஒட்டலாங்க. இமை எப்ப மூடணும்னு அடியில இருக்குற ஆளுதான் முடிவு பண்றான். யாரு அடியில?

— ஹீரோ பாதியில சண்ட போட்டுட்டுப் போயிட்டார். வேற வழி? ஒரு டூப்ப வெச்சு எடுத்தேன். யாரோ ஒருத்தன்.

— யாரோ ஒருத்தன்... டைட்டில்ல பேரு வருமா?

— டூப்புக்கு எதுக்குப் பேரு?

— நீங்க அத எடுத்த வாரந்தான் என் தம்பி வெளியூர்ல வேலைன்னு கிளம்பிப் போனான்.

— அதுக்கும் இதுக்கும்...

— அவன் வாய்ப்புக் கேட்டு வந்தப்ப, நம்ம வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருந்தவன்கிட்ட என்ன சொன்னீங்க? “மச்சான், சினிமாவுக்கு ஏத்த மூஞ்சி உனக்கு இல்ல.”

— அது... சும்மா கிண்டலுக்கு...

— அதான் மூஞ்சிய விட்டுட்டு மிச்சத்த எடுத்துக்கிட்டீங்களாக்கும்.

— உங்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினானே!

— அவன் எங்க சொன்னான்? பொய் சொல்லி முடிச்சதும் ரெண்டு தடவ இமைப்பான், சின்ன வயசுலேர்ந்து. வெளியூர்னு சொன்னப்பவும் இமைச்சான். வாசல்ல நின்னு “நான்தான்”னு சொல்லிட்டும் இமைக்கிறான்.

— அப்ப காலையிலேர்ந்து ஒட்டல ஒட்டலன்னு புலம்பினது?

— நீங்களா வாயத் திறப்பீங்களான்னு பாத்தேன்.

— சரி, தப்புதான். இப்ப காட்சிக்கு என்ன வழி? தயாரிப்பாளர் வந்துடுவாரு...

— காட்சி எப்பவோ ரெடி. கிராஃபிக்ஸ்காரங்ககிட்ட ஹீரோ முகத்த ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்த ஷாட்ட வாங்கிப் போட்டுட்டேன். இயந்திரத்துக்குள்ள ஹீரோ போறார், வெளிய என் தம்பி வர்றான். ஞாபகம் புருஷனோடது, முகம் எவனோடதோ. இப்பதான் அவ கதவப் புடிச்சிக்கிட்டு யோசிக்க ஒரு காரணம் இருக்கு. டைட்டில்ல அவன் பேரயும் போட்டாச்சு. பாருங்க, ஒட்டுது.