என் போனிலும் அவளே போட்டுக் கொடுத்தாள்

எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, வக்கீலம்மா. பெருமைதான். போன் ரிப்பேர் கடைக்காரனிடம் யாரும் எழுத்தில் எதுவும் கேட்பதில்லை. சார்ஜ் ஏறவில்லை என்பார்கள், சத்தம் வரவில்லை என்பார்கள், வாளித் தண்ணீரில் போட்டு எடுத்ததை மட்டும் மறைத்துவிடுவார்கள். நான் சொல்வதை ஒருவர் உட்கார்ந்து படிக்கப்போகிறார் என்றால் சும்மாவா? நல்ல பேனாவாகத் தேடி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மருந்துக்கடைப் பெண் உள்ளே இருக்கிறாள். அவள் வெளியே வருவது நான் எழுதுவதில்தான் இருக்கிறது என்றீர்கள். எழுதிவிடுகிறேன். ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் என் பக்கமும் உங்களுக்குப் புரியும்.

அரசு முதலில் செய்தித் தளங்களை மூடியது. எங்கள் தெருவில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அடுத்து வீடியோவில் பேசுவதை மூடியது. வெளிநாட்டுப் பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றதும் தெரு கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் நான் பெரிய மனிதனானேன்.

வி.பி.என். என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் போன் வேறு நாட்டில் உட்கார்ந்திருப்பது போலக் காட்டும், மூடியதெல்லாம் திறக்கும். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்கள் மேசையில் வைத்த போனின் மேல் ஓரத்தில் அது ஓடும்போது வரும் சின்னச் சாவிப் படம் தெரிந்தது. வி.பி.என்.னின் உள்விவரம் எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் அழுத்துவதற்கு முன் கடைக் கதவைப் பாதி சாத்துவேன், கண்ணை மூடி யோசிப்பேன், குரலைத் தாழ்த்தி "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்பேன். எதிரே இருப்பவர் முகத்தில் மரியாதை வழியும். எந்த நாடு வேண்டும் என்று அது கேட்கும். கொடி அழகாக இருந்த ஒரு பனி நாட்டை எல்லோருக்கும் வைத்துவிட்டேன். அதன் பலனாகத் தெருவில் இருந்த அத்தனை போனிலும் பனிக்காலச் சாமான் விளம்பரம் வர ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து, "தம்பி, பனி தள்ளுற மெஷின் பாதி விலைக்குத் தரானாம், ஒண்ணு வாங்கிப் போடட்டுமா?" என்று கேட்டார்.

என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மறுக்கவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் மசியவில்லை. "வீட்டு ஃபேன் கத்திக்கிட்டே கிடக்கு, அதப் பாக்க ஆள் இல்ல. ஊருக்கு டாக்டராம்" என்றாள். போலீஸ் ஏட்டையாவே சாதாரண உடையில் வந்து, மகளோடு பேச வேண்டும் என்று போட்டுக்கொண்டு போனார். மாட்டினால் என்ன ஆகும் என்று அவரிடமே கேட்டேன்.

"என்னத்த ஆகும்? கூப்பிட்டு மிரட்டி, அபராதம் போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிருவோம். வெளிநாட்டுச் சங்காத்தம் அது இதுன்னு சேந்தாதான் வில்லங்கம். அப்புறம் எங்க கையில கிடையாது."

பிறகு ஒருநாள் நான் போட்டுக் கொடுத்த வி.பி.என்.னையே அரசு மோப்பம் பிடித்து முடக்கிவிட்டது. கடை வாசலில் ஒரே கூட்டம். வேறு எதைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல டாக்டர் என்ற பட்டம் விடவில்லை. "மேலிடத்துல பேசிட்டிருக்கேன், பொறுங்க" என்றேன். எனக்கு மேலே கடையின் தகரக் கூரைதான் இருந்தது.

கண்டக்டர் மட்டும் வரவில்லை. வழியில் பார்த்தபோது பேரனோடு வீடியோவில் பேசிக்கொண்டே நடந்து வந்தார். எப்படி என்று கேட்டேன்.

"மருந்துக்கடைப் பொண்ணு போட்டுக் குடுத்துச்சு தம்பி. இருமல் மருந்து வாங்கப் போனேன், அப்படியே இதையும் போட்டுக் குடுத்துருச்சு."

நான் கண்ணை மூடி யோசித்துச் செய்த வேலையை அவள் இருமல் மருந்தோடு இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விவரம் தெரியாமல் கண்டதைப் போட்டால் போனில் இருப்பதெல்லாம் களவு போகலாம். தெருவின் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி எச்சரிக்கத்தான் அவள் கடைக்குப் போனேன். இதை அன்றைக்கு முழுதாக நம்பினேன், இப்போது பாதி நம்புகிறேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். கண்டக்டரும் இருந்தார்.

"தங்கச்சி, இதெல்லாம் ஆபத்தான வேலைம்மா."

"தெரியும்ணா. பாவம், உங்ககிட்ட ஒரே கூட்டமா இருந்துச்சே, உங்களுக்கும் பாரம் குறையட்டுமேன்னுதான்." மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே என் சட்டைப்பையைப் பார்த்தாள். "உங்க போன்லயும் அந்தப் பழசுதானே கிடக்கும்? குடுங்கண்ணா, மாத்தித் தரேன்."

நான் கொடுக்கவில்லை. அவளே உரிமையோடு எடுத்துக்கொண்டாள். காய்ச்சல் மருந்துக்கு விவரம் சொல்லிக்கொண்டே, இன்னொரு கையால் என் போனில் போட்டு முடித்து, திரையைத் தன் துப்பட்டாவில் துடைத்துக் கொடுத்தாள். கண்டக்டர் சிரித்தார். "டாக்டருக்கே வைத்தியமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வயிறு எரிந்தது, வக்கீலம்மா. அலங்காரமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. அவள் என்னைக் கேலி செய்திருந்தால் பதிலுக்குக் கேலி செய்துவிட்டுப் போயிருப்பேன். அவள் எனக்கு உதவி செய்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, நிதானமாக உட்கார்ந்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் உங்களுக்கு வசதியாக இருக்கும், ஆனால் அது பொய். அரசுக்குத் தகவல் கொடுக்கும் தளம் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று விளம்பரம் செய்வார்கள். திறந்து பார்த்தேன், திறக்கவில்லை. இந்தச் சேவை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இல்லை என்றது. அவள் போட்டுக் கொடுத்தது அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. அவளைக் காட்டிக்கொடுக்க உட்கார்ந்தவனை அவள் கைவேலைதான் வாசலில் நிறுத்திவைத்தது. அங்கேயே நான் விட்டிருக்கலாம். விடவில்லை. எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள் என்று தெருவுக்கே படித்துப் படித்துச் சொன்னவன், அதை அணைத்தேன். தளம் திறந்தது, என் நம்பரும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டது. கேஸ் காகிதத்தில் இருந்த அதைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் என் கடைக்கு வந்திருக்கிறீர்கள். இந்த அழகுக்கு எனக்கு டாக்டர் பட்டம்.

என்ன குற்றம் என்று கேட்டது. தடையை மீறும் ஆப் போட்டுக் கொடுத்தல் என்று ஒன்று இருந்தது. அதில்தான் முதலில் விரலை வைத்தேன். பிறகு ஏட்டையா சொன்னது ஞாபகம் வந்தது. அதை அழுத்தினால் அவள் சாயங்காலமே வந்துவிடுவாள். மறுநாள் காலையில் கடை திறப்பாள், அபராதம் கட்டியவள் என்று இன்னும் நாலு பேர் அவளைத் தேடிப் போவார்கள். விரலைக் கீழே இறக்கினேன். வெளிநாட்டுத் தொடர்பு என்று இருந்தது. அதை அழுத்தினேன். அவளுக்கு வெளியிலிருந்து உத்தரவு வருகிறது, அதன்படிதான் தெருவில் ஆள் சேர்க்கிறாள் என்று எழுதினேன். எந்த நாடு என்று கேட்டது. எனக்கு நாடுகள் அதிகம் தெரியாது. பனி நாட்டையே போட்டுவிட்டேன்.

அவர்கள் காலையில் வந்தார்கள். சத்தமில்லை, அடிதடியில்லை. அவள் கல்லாவைப் பூட்டவில்லை, நேராக என் கடைக்கு ஓடிவந்து மருந்து ஃபிரிட்ஜின் சாவியைக் கையில் திணித்தாள்.

"அண்ணா, உள்ள இன்சுலின் இருக்கு. கரண்ட் போனா கொஞ்சம் பாத்துக்குங்க. சாயங்காலம் வந்துருவேன்."

நான் பார்த்துக்கொண்டேன். கரண்ட் போனபோதெல்லாம் என் கடை பேட்டரியிலிருந்து வயர் இழுத்து ஓட்டினேன். ஒரு மருந்துகூடக் கெடவில்லை. இதை நீங்கள் கோர்ட்டில் சொன்னால் நன்றாக இருக்கும்.

அவளுடைய அம்மா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் இதைச் சொல்ல வேண்டும், வீடியோ வேலை செய்யவில்லை என்றார். போட்டுக் கொடுத்தேன். அவருடைய மகள் என் போனில் போட்டது எதுவோ, அதையேதான் போட்டேன். கதவைச் சாத்தினேன், கண்ணை மூடினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க தம்பி" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. நடிப்பில்லை. அந்த நேரத்தில் நான் உண்மையிலேயே நல்லவனாக இருந்தேன். அன்றிலிருந்து தெரு மறுபடி என் வாசலுக்கு வந்துவிட்டது.

மகனோடு அவர் பேசியதையும் அரசு எப்படியோ கண்டுபிடித்து, வெளிநாட்டுத் தொடர்புக்குச் சாட்சியாகச் சேர்த்துவிட்டது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அதில் என் தவறு இல்லை. யார் கேட்டிருந்தாலும் போட்டுக் கொடுத்திருப்பேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தகவல் கொடுத்தவன் நான்தான். அதில் இருப்பது மொத்தமும் நான் இட்டுக்கட்டியது. அவளுக்கு எந்த நாட்டிலிருந்தும் எந்த உத்தரவும் வந்ததில்லை. வாசலுக்கு வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தாள், கேட்டவர்களுக்கு இதையும் போட்டுக் கொடுத்தாள், கேட்காத எனக்கும் போட்டுக் கொடுத்தாள். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எந்தக் கோர்ட்டிலும் காட்டிக்கொள்ளுங்கள்.

அவள் வரட்டும், நன்றாக இருக்கட்டும். வந்ததும் தெருவே போய் அவள் கடை முன்னால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் ஸ்தானத்தில் இருந்து, அவள் நன்மைக்காக ஒன்றே ஒன்று சொல்கிறேன். இந்தத் தெருவில் அவளுக்கு வேண்டாதவர்கள் யாரோ இருக்கிறார்கள், வக்கீலம்மா. கடையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.