ஜீப் ஏறுமுன் ஒரு நிஜம்

உங்கள் வாசலில் நிற்கிற கான்ஸ்டபிளுக்குத் தொப்பி சரியாக உட்காரவில்லை, மேடம். சிவப்புத் தொப்பியை நெற்றிக்கு மேலே ஒரு விரல் விட்டு, லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். நான் வைத்தால் பிறவியிலேயே தலையோடு வந்தது போல இருக்கும். அந்தத் தொப்பியோடு பாரதியார் வீதியில் நடந்தபோது உங்கள் நிஜப் போலீஸ்காரர்கள் எனக்கு சல்யூட் அடித்திருக்கிறார்கள். ஒருவர் லீவுகூடக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

மின்துறையில் புகார் மேசையில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவன் நான். கைலாசநாதன் என்றால் யாருக்கும் தெரியாது. “லைன்மேன் கிளம்பிட்டாருங்க, வந்துகிட்டே இருக்காரு” என்று ஊரையே இருட்டில் உட்காரவைத்துச் சமாதானம் சொன்ன குரல் என்றால் காரைக்காலுக்கே தெரியும். என் சர்வீஸ் முழுக்க ஒரு லைன்மேனும் கிளம்பியதில்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் டைரக்டர் செம்பியன் ‘அரசலாறு ஸ்டேஷன்’ தொடரில் என்னை ஏட்டாகப் போட்டார். அதற்கப்புறம் மீன் மார்க்கெட்டுக்கு நான் பை கொண்டுபோனதில்லை. வஞ்சிரம் தானே நீந்தி வீடு வந்து சேர்ந்தது. போகிற இடமெல்லாம் ‘ஏட்டய்யா, ஏட்டய்யா’தான். ரிட்டையரான ஆளை ஊர் வாய்நிறையக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது புரியாது. நாளாகட்டும்.

இன்ஸ்பெக்டர் வேஷம் அகஸ்டினுக்கு. நம் ஊர்ப் பிள்ளை. என்னைவிட ரொம்பச் சின்னவன், அண்ணே என்பான். ஜனங்கள் அந்தத் தொடரைப் பார்த்தது கொலைக்காகவோ துப்புக்காகவோ இல்லை, மேடம். ஜீப் சீனுக்காக. ஒவ்வொரு வழக்கு முடிந்ததும் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் ஜீப்பில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுவோம். திருநள்ளாறு வரைக்கும் அழுகைச் சத்தம் கேட்கும்.

அதற்கு செம்பியன் ஒரு முறை வைத்திருந்தார். ஜீப் ஏறுமுன் நாங்கள் இருவரும் தள்ளிப் போய், ஆளுக்கொரு நிஜத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும். வேறு யாரிடமும் சொல்லாத நிஜம். அப்புறம்தான் கேமரா ஓடும்.

அகஸ்டின் சொன்னான். சாகக் கிடந்த அப்பா கூப்பிட்டும் போகாமல் இருந்ததைச் சொன்னான். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பெண்கள், இரண்டு பேரும் சௌக்கியம். அதனால் சுனாமியில் போன ஒரு மகனை உண்டாக்கினேன். செந்தில் என்று பெயர் வைத்தேன். கையை விட்டது நான்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அகஸ்டின் என் தோளில் சாய்ந்து அழுதான். டேக் ஒரே தடவையில் ஓகே. அதிலிருந்து டிசம்பர் வந்தால் என் பையனுக்காக மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினான். நானும் கூட நின்றிருக்கிறேன். நல்ல மெழுகுவத்தி, மேடம். கஞ்சத்தனம் கிடையாது.

அப்புறம் ஒரு நாள் வலிப்பைச் சொன்னான். பைக்கிலிருந்து விழுந்ததில் தலையில் அடி, அதிலிருந்து வருகிறது. தஞ்சாவூர் டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பெண்டாட்டி ஆன்லினுக்குக்கூடத் தெரியாது. வெளியே தெரிந்தால் ஜீப் ஓட்டவிட மாட்டார்கள், ஜீப் இல்லாமல் இன்ஸ்பெக்டர் இல்லை. “வர்றதுக்கு முன்னாடி இடது கட்டைவிரல் தானா உள்ள மடங்கும்ண்ணே. பாத்தா புடிச்சுக்குங்க” என்றான். மாத்திரையை என் சட்டைப் பையில் வைக்கச் சொன்னான். தினம் காலையில் என் உள்ளங்கையிலிருந்து எடுத்து, பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வான். செம்பியன் அதைக் கவனித்துவிட்டுத் தொடரிலும் வைத்துவிட்டார். ஏட்டு நீட்டுகிற புதினா மிட்டாயை இன்ஸ்பெக்டர் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொள்வது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதை அப்படியே செய்துகாட்டின.

ஏன் என்று கேட்டீர்கள். வருகிறேன்.

அவனோடு நடித்த கடைசி ஜீப் சீனுக்கு முன்னால் அம்பகரத்தூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடிக்குப் போனோம். அகஸ்டின்தான் முதலில் சொன்னான்.

“அண்ணே, ஏட்டக் கொல்லப் போறாங்க.”

“யாரு?”

“கதையிலண்ணே. அடுத்த மாசம். எங்கிட்டதான் மொதல்ல கேட்டாங்க. நானும் சரின்னுட்டேன். ஒரு வாரமா தொண்டைல நிக்கிது.”

“அதுக்கென்ன தம்பி, பொணமா நல்லாத்தான் நடிப்பேன்” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “இன்னொண்ணு. கோவில்ல அண்ணியப் பாத்தேன். செந்தில் நெனப்பா ஒரு வார்த்த கேட்டேன். எங்களுக்குப் பையனே கெடையாதேன்னாங்க.” என் கையைப் பிடித்துக்கொண்டான். “பரவால்லண்ணே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கி நெசமா ஒண்ணு சொல்லுவீங்க. அன்னிக்கி நம்ம சீன் எப்படி வருது பாருங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வயிறெரிகிற இரண்டு சேதியை ஒரே மூச்சில் இவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு ஜீப் சீன் பிரமாதமாக வந்தது.

மறுநாளிலிருந்து என் உள்ளங்கையில் இருந்தது என் சம்சாரத்தின் தைராய்டு மாத்திரை. அதே அளவு, அதே வெள்ளை. அவன் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டான். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், மேடம். பார்த்திருக்கலாம். என் குட்டு வெளிப்பட்ட பிறகும் பார்க்கவில்லை.

எங்கே, எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. ஜீப் ஓட்டும்போது வரலாம் என்று நினைத்தேன். அதனால் முட்டி வலி என்று சொல்லி அந்த வாரம் ஜீப்பில் ஏறவில்லை. அவன் தைலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

குரும்பகரத்தில் வாய்க்கால் சீன். ரவுடி அடித்ததும் இன்ஸ்பெக்டர் தண்ணீரில் குப்புற விழ வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஏட்டு ஓடிவந்து தூக்குகிறவரை எழக்கூடாது. எவ்வளவு நேரம் தாங்குவான் என்பது என் கணக்கு, அதில் யாரும் தலையிட மாட்டார்கள். நல்ல வெயில். விழுந்தான். கொஞ்ச நேரத்தில் இடது கை மட்டும் தண்ணீருக்கு வெளியே வந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. கால்கள் உதறின.

கேமராப் பையன் அஜ்மீர், “சார், என்னமோ மாதிரி இருக்கு” என்றான். செம்பியன் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், அவனைப் பற்றி எனக்குத்தானே தெரியும்.

நான் கையை உயர்த்தினேன். “இருங்க. நடிக்கிறான்” என்றேன்.

பழைய குரல்தான், மேடம். லைன்மேன் கிளம்பிட்டாருங்க.

உதறல் நின்ற பிறகு ஓடிப்போய்த் தூக்கினேன். அழுகை வரவில்லை. வாய்க்கால் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன். தண்ணீர் குடித்துச் செத்தான் என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டு போனார்கள். ஆன்லின் என் காலடியில் உட்கார்ந்து, “ஒங்கள விட்டா அவருக்கு யாருண்ணே இருந்தா” என்றாள். பெட்டியின் தலைமாட்டை நான்தான் தூக்கினேன்.

தொடரில் இன்ஸ்பெக்டர் வீரமரணம் அடைந்தார். ஏட்டைக் கொல்லவில்லை. ஊரே சேர்ந்து சாகவிட மாட்டோம் என்றது. வஞ்சிரம் வந்துகொண்டே இருந்தது.

நேற்று புது இன்ஸ்பெக்டரோடு முதல் ஜீப் சீன். கிறிஸ்டி என்று ஒரு பெண். செம்பியனின் முறைப்படி இருவரும் தள்ளிப் போனோம். அவள் தன்னுடையதைச் சொன்னாள். அதை உங்களிடம் சொல்ல மாட்டேன், நம்பிச் சொன்னது. பிறகு என் முறை. செந்திலை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. வாயைத் திறந்தால் கட்டைவிரல்தான் வந்தது. மாத்திரை, வாய்க்கால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் ஜீப்பில் ஏறினாள், வசனம் முழுவதையும் சொன்னாள், கட் சொன்னதும் இறங்கி நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேலும் எனக்கு வருத்தமில்லை. நல்ல நடிகை.

ஆமாம், அகஸ்டினைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு உதவி. செம்பியனிடம் சொல்லி நேற்றைய ஜீப் டேக்கை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். கிளிசரின் இல்லை, வாய்க்கால் தண்ணீர் இல்லை. கண்ணில் பொங்கிய அத்தனையும் என்னுடையது.

அகஸ்டின் இருந்து பார்த்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பான்.