கனகராஜ் ஆன குப்பை

வெரோனிகா: இன்னிக்கும் ஆறு பேர்தானா தேசம்மா?

தேசம்மா: ஆறுதான் டீச்சரம்மா. அதுல ரெண்டு என் வூட்டுது.

வெரோனிகா: இருபது பிள்ளைக்குக் கஞ்சி வச்சுட்டியே... கடல்ல மீன் படலியா? அம்மாக்காரிங்க கூடை தூக்கலியா?

தேசம்மா: மீனு நல்லாத்தான் படுது. கூடையோட புள்ளையையும் இடுப்புல தூக்கினு மயிலாப்பூருக்குப் போய்க்கினு கீறாளுங்க. இங்க வுட மாட்டாளுங்களாம்.

வெரோனிகா: ஏன்? நான் யாரையாவது அடிச்சேனா?

தேசம்மா: அடிச்சிருந்தா பரவால்ல... நீ குப்பைக்குப் பேரு மாத்திட்டியே.

வெரோனிகா: யாரு, தேவானை மகனுக்கா? நாலு வயசுப் பிள்ளையைக் குப்பைன்னு கூப்பிட வாய் வருமா? பேர் வாசிச்சா மத்ததுங்க சிரிக்குது. கனகராஜ்னு எழுதினேன். நல்ல பேருதானே!

தேசம்மா: நல்ல பேருதான். அதான் தப்பு.

வெரோனிகா: புரியல...

தேசம்மா: இவனுக்கு முன்னால தேவானைக்கு மூணு. மூணும் நல்ல பேரோட செத்துப் போச்சு. அதனால இவன் பொறந்ததும் குப்பைமேட்டுல போட்டு ஒரு பொரட்டு பொரட்டினா. நான் எடுத்துக்கினேன். ஒரு பிடி தவிடு குடுத்து என்கிட்டருந்து வாங்கினு போனா. குப்பையில கெடந்தது, தவிட்டுக்கு வந்தது... எமன் திரும்பிப் பார்ப்பானா?

வெரோனிகா: ஐயோ... யாரும் சொல்லலியே.

தேசம்மா: நீ எங்க கேட்ட? அவன் வூட்ல போயி, நான் கனகராஜுன்னு குதிச்சான். மறுநாளே ஜுரம்.

வெரோனிகா: ஜுரமா! இப்ப எப்படி? டாக்டரைக் கூட்டிட்டு...

தேசம்மா: எறங்கிடுச்சு. காலையில ஆப்பம் கேட்டு ஒரே அழுகை. ஆனா குப்பத்துல பேச்சு நிக்கலியே. சம்பளமில்லாத உத்தியோகம் நமக்கு, கெட்ட பேருதான் மிச்சம்.

வெரோனிகா: விளையாடாத தேசம்மா. இந்தக் கொட்டகையை ரேஷன் கடைக்குக் கேக்கறாங்க. பதினஞ்சு பிள்ளை இல்லேன்னா குடுத்துடுவோம்னு மாதா கோயில்ல சொல்லிட்டாங்க. சாயங்காலம் படிக்க வர்ற பெரிய பிள்ளைங்க எங்க போகும்?

தேசம்மா: அப்ப தேவானை வூட்டுக்கு நட.

வெரோனிகா: மன்னிப்புக் கேக்கவா?

தேசம்மா: அதெல்லாம் வேணாம். வாசல்ல நின்னுக்கினு, தெருவே கேக்கறாப்புல, "டேய் குப்பை, பள்ளிக்கூடத்துக்கு வாடா"ன்னு கத்து. அவ மனசு ஆறிடும். மத்தவளுங்களும் வந்துடுவாளுங்க.

வெரோனிகா: கத்தறேன்... இப்பவே வரேன்.

தேசம்மா: இன்னாத்துக்கு அழுவுற? பையனுக்குத்தான் ஜுரம் வுட்டுடுச்சே.

வெரோனிகா: அவனுக்காக இல்ல... அந்தத் தவிடு... கிறிஸ்தவப் பிள்ளைக்கும் செய்யலாமா?

தேசம்மா: எல்லாப் புள்ளையும் புள்ளைதான். யாரு புள்ளைக்கு?

வெரோனிகா: எங்க வீட்ல தெரியக்கூடாது. கோயில் சாமியாருக்கும் தெரியக்கூடாது.

தேசம்மா: நான் சொல்ல மாட்டேன்.

வெரோனிகா: முன்ன ரெண்டு போயிடுச்சு தேசம்மா. இப்ப நாலு மாசம். பயமா இருக்கு... யார்கிட்டயும் சொல்லல.

தேசம்மா: எனக்குத் தெரியும்மா. போன மாசம் கஞ்சி வாசனைக்கே கொட்டாய் பின்னால ஓடுனியே? உங்க வூட்ல தவிட்டுக்கு எங்க போவ... நீ என்கிட்ட குடுத்துப் புள்ளைய வாங்கறதுக்கு ஒரு பிடி, அன்னிக்கே துணியில முடிஞ்சு வச்சுட்டேன்.