பக்கத்தில் இருந்தவன்

ஆபரேஷன் தியேட்டர் குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிற ஒரே டாக்டர் நான்தான். நர்ஸ்கள் ‘தாத்தா’ என்பார்கள். எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. கோபித்துக்கொண்டதில்லை, எனக்குச் சட்டென்று கோபம் வராது, சார்.

நான் மயக்க மருந்து டாக்டர். சர்ஜன் என் கல்லூரி நண்பன். விடுதியில் ஒரே அறை, ஒரே சோப்பு. ரோபோ வந்தபோது இருவரும் சேர்ந்துதான் பயிற்சிக்குப் போனோம். தைராய்டை எடுக்கக் கழுத்தைக் கீற வேண்டியதில்லை. அக்குள் வழியாக ரோபோவின் கைகள் உள்ளே போகும், கழுத்தில் தழும்பே விழாது. மூலையில் உட்கார்ந்து, திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் அவற்றை ஓட்டுவான். நோயாளியின் தலைமாட்டில் இருப்பது நான்.

போன வருடம் ஒருவர் மேசையிலேயே இறந்துபோனார். ரத்தக் குழாயை அறுத்தது அவன். “நீ வாயத் திறக்காதடா, நான் பாத்துக்கறேன்” என்றான். நம்பினேன். விசாரணையில், மயக்க மருந்துதான் காரணம் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வேறு யாராவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் மகளுக்குப் பெயர் வைத்தவன் அவன். அன்று எரிந்த வயிறு இன்னும் ஆறவில்லை. சஸ்பெண்ட் ஆகி மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, “பழசெல்லாம் மனசுல வச்சுக்காதடா” என்று தோளைத் தட்டினான். வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு தைராய்டு ஆபரேஷனுக்கு ஓர் அம்மா வந்தார், பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவர். “குரலுக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்? எனக்குச் சோறு போடறதே அதுதான்” என்று கேட்டார்.

“நான் பக்கத்துலயேதாம்மா இருப்பேன்” என்றேன்.

குரலுக்குப் போகும் நரம்பு, நூல் மாதிரி தைராய்டை ஒட்டியே ஓடும். ஒரு கருவியின் முனை அதைத் தொட்டால் டொக் டொக்கென்று சத்தம் வரும். தசையைத் தளர்த்தும் மருந்து உடம்பில் இருந்தால் வராது. அதனால் நடுவில் அந்த மருந்தை நான் கொடுக்கவே கூடாது. கண்ணைவிட அந்தச் சத்தத்தை நம்பிப் பழகியவன் அவன்.

முதல் தடவை தொட்டுப் பார்த்தபோது சத்தம் வந்தது. அதன் பிறகுதான் அந்தத் தளர்த்தும் மருந்து ஊசியை அழுத்தினேன்.

“மருந்து எதுவும் குடுக்கலயேடா?” என்று வழக்கம்போல் கேட்டான்.

“இல்லடா, நீ பாரு.”

தொட்டான். சத்தம் இல்லை. அது நரம்பு இல்லை என்று நினைத்துச் சுட்டு அறுத்தான். பெரிய திரையில் நானும் பார்த்தேன். அது நரம்புதான் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா கண் விழித்ததும், “ஏதாவது பேசுங்கம்மா” என்றேன். காற்றுதான் வந்தது. பயந்துபோய் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விடுவிக்க மனம் வரவில்லை, வெகுநேரம் அப்படியே நின்றேன்.

இப்போது எல்லோரும் அவனைக் கேள்வி கேட்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும். அந்த அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சார். கடைசிவரை ஒரு துளி வலிகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். என்னை நம்பி வந்தவர்களை நான் கைவிட்டதே இல்லை.